அந்தப் பை இல்லை, வேற பை

எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பை எடுக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கர்ப்பப்பை. முன்பாதியை விழுங்கிவிட்டுப் பின்பாதியை மட்டும் சொல்வது மரியாதை. ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பின்பக்கச் சுவருக்கு அந்தப்புறம் வள்ளிநாயகி போனில், "ஆங் டாக்டர், பைய எடுத்துட்றதுதான் நல்லதுன்னா எடுத்துடலாங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் புரிந்துகொண்டதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? சுவர் ஐந்தடிதான். காதுக்கு இமை கிடையாது.

வரலட்சுமியிடம் மட்டும்தான் சொன்னேன். எதிர்வீட்டுக்காரி, ரகசியம் காப்பவள். மத்தியானத்துக்குள் பதினோரு வீடுகளில் அதைப் பத்திரமாகக் காத்துவிட்டாள்.

மூன்று மணிக்கு நாங்கள் மூன்று பேர் வள்ளிநாயகி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். வரலட்சுமி கையில் பூண்டுக் குழம்பு. முனை வீட்டு மோகனப்ரியா ஜாக்கெட் தைப்பவள். தொளதொள நைட்டி ஒன்றை மடித்து எடுத்து வந்திருந்தாள். நான் அனுபவத்தைக் கொண்டு போயிருந்தேன். எனக்குப் பை எடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது.

"மூணு மாசம் குடம் தூக்கக் கூடாதுடி," என்றேன். "படி ஏறக் கூடாது. கிருத்திகைன்னு சொல்லிகினு மலைக்குக் கிளம்பிடாதே. முருகன் எங்கியும் ஓடிப்போக மாட்டாரு."

"தறிகிட்ட போகவே கூடாது," என்றாள் வரலட்சுமி.

"இருமினாக்கூட வயித்தப் புடிச்சிகினுதான் இருமணும்," என்றாள் மோகனப்ரியா.

வள்ளிநாயகிக்கு நாற்பத்தைந்து வயது. பிறந்தது பள்ளிப்பட்டில். வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறிகள் லுங்கி நெய்கின்றன. பெயருக்கு முதலாளி அவள் புருஷன் வீரபத்திரன். அவளுக்கு அத்தை மகன் என்பதால் 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள். தறி ஓடும்போது பேசினால் கேட்காது என்று அந்த மனிதர் தறி நிற்கும்போதுதான் பேசுவார். அதாவது கரண்ட் போனால் பேசுவார்.

அவள் குழம்பை வாங்கி உள்ளே வைத்தாள், நைட்டியை வாங்கி மடியில் வைத்தாள். நாங்கள் சொன்னதையெல்லாம் கணக்குப் பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி தலையாட்டிக் கேட்டாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"அம்சாக்கா, அந்தப் பை எடுத்து நாலு வருஷம் ஆச்சு. இது வேற பை."

வரலட்சுமி என் பக்கம் திரும்பினாள்.

"நாலு வருஷமா?" என்றேன். "எப்படி? எனக்குத் தெரியாம?"

"ஊரடங்குல. நீங்க வெளிய வராத நேரமாப் பார்த்து."

ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட வீட்டில் இப்படி ஒன்று நடந்து எனக்குத் தெரியவில்லை என்றால் தெருவில் என் மரியாதை என்ன ஆவது? ஆனால் அதைப் பற்றி வருத்தப்படவும் அவள் நேரம் கொடுக்கவில்லை. முந்தானைக்கு மேலே, நெஞ்சின் இடது பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"இதுதான் அது."

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இடது மார்பில் புற்றுநோய். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் மார்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிலிக்கான் பை ஒன்றை வைத்துத் தைத்திருக்கிறார்கள். அப்போது எங்களிடம் அவள் சொன்னது கிட்னியில் கல். கல்லுக்கு நான் வாழைத்தண்டு சாறு பிழிந்து பத்து நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதையும் குடித்திருக்கிறாள்.

"மருந்து ஏத்துனா முடி கொட்டிப் போவுமே," என்றாள் வரலட்சுமி. "உனக்கு எங்க கொட்டுச்சு?"

"கொட்டறதுக்கு முன்னாடி மலைக்குப் போய் நானே குடுத்துட்டேன்."

இந்த ஊரில் மொட்டைத் தலையைப் பார்த்து யாரும் ஏன் என்று கேட்பதில்லை. என்ன வேண்டுதல் என்று கேட்பதும் பாவம். அந்த வருஷம் அவள் இரண்டு முறை மொட்டை போட்டபோது, 'பக்தின்னா வள்ளிநாயகி பக்தி' என்று தெருவே பேசியது. வழவழவென்று இருந்த அந்தத் தலைக்குச் சந்தனம் பூசியது இந்தக் கைதான்.

"எங்ககிட்ட சொல்லியிருந்தா இன்னாடி?" என்றாள் மோகனப்ரியா. குரலில் கொஞ்சம் கோபம்.

"விஜிக்கு அப்போ பத்து வயசு. அம்மாக்காரிக்கு கேன்சர்னு ஊர் பேசிச்சுன்னா நாளைக்கு அதுக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்? அதான் டாக்டர் பை வைக்கலாம்னு சொன்னதும் சரின்னுட்டேன். ஒரு பக்கம் காலியா இருந்தா ஜாக்கெட் அளவெடுக்கும்போது உனக்குத் தெரியும். உனக்குத் தெரிஞ்சா அக்காவுக்குத் தெரியும்."

மோகனப்ரியா தன் விரல் நகங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்தேன். அந்தப் பையை அவள் உடம்புக்குள் வைத்ததில் டாக்டருக்குப் பாதிப் பங்கு என்றால், எங்கள் தெருவுக்கு மீதிப் பங்கு.

இப்போது விஷயம் இதுதான். மூன்று வாரமாக அந்தப் பக்கம் வீங்கியிருக்கிறது. பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டு நீரை உறிஞ்சி, 'வெறும் தண்ணிதாம்மா' என்று கை கழுவும் தொட்டியிலேயே ஊற்றிவிட்டார்கள். பன்னிரண்டு நாளில் மறுபடி அதே அளவுக்கு நீர் கட்டிவிட்டது. அவளுக்குப் பயம் வந்து, சென்னையில் டாக்டர் அனிதா என்று ஒருவரைத் தேடிப் பிடித்துப் போன் செய்திருக்கிறாள். அதைத்தான் நான் கேட்டது.

டாக்டர் சொன்னதை அவள் எங்களுக்கு நெசவுக்காரி பாஷையில் சொன்னாள். வெளிப்பொருள் எதை உள்ளே வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஓர் உறை நெய்துகொள்ளும். அதில் தப்பில்லை. ஆனால் இந்தப் பைகளில் சொரசொரப்பு, வழவழப்பு என்று இரண்டு ஜாதி. சொரசொரப்பு ஜாதியில் சிலவற்றைச் சுற்றியிருக்கிற உறையில், பல வருஷம் கழித்து, எங்கோ சிலருக்கு ஒரு புதுப் புற்றுநோய் வருகிறது. இது பழைய மார்புப் புற்றுநோய் திரும்பி வருவது அல்ல, வேறு வகை. அதன் முதல் அடையாளம் இப்படி நீர் கட்டுவது. அந்த மாதிரிப் பைகள் சிலவற்றை ஐந்து வருஷத்துக்கு முன்னால் விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டார்களாம்.

"உறைக்குள்ள இருக்கும்போதே கண்டுபுடிச்சா, பையும் உறையுமா முழுசா எடுத்துட்டா போதும்ங்கறாங்க. உறையத் தாண்டிட்டா கஷ்டம். என்னுது எந்த வகைன்னு தெரிஞ்சா, அந்த நீர எதுக்கு டெஸ்ட் பண்ணணும்னு தெரியும். பழைய ஃபைல எடுத்துகினு வாங்கன்னாங்க."

"எடுத்துகினு போ."

"ஃபைலு ஆஸ்பத்திரில இருந்துச்சு. அந்த ஆஸ்பத்திரி இப்ப கல்யாண மண்டபம்."

வரலட்சுமி உச்சுக் கொட்டினாள். "அப்ப இன்னா பண்ணப்போற?"

"சீட்டு இருக்குது."

இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நூல் மூட்டையோடு ஒரு சீட்டு வரும்; எந்தச் சாயம், எந்த நாள், எத்தனையாவது பானை என்று எழுதியிருக்கும். மற்ற தறிக்காரர்கள் அதைக் கிழித்துப் பல் குத்துவார்கள். வள்ளிநாயகி கம்பியில் குத்தி வைப்பாள். ஆறு மாதம் கழித்து நகரியிலிருந்து ஒரு வியாபாரி, 'உன் லுங்கி சாயம் போவுது' என்று சண்டைக்கு வந்தால், சீட்டை எடுத்து நீட்டி, 'சாயப்பட்டறைக்காரனப் போய்க் கேளு' என்பாள். பை வைத்த அன்றைக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் அதன் டப்பாவிலிருந்து ஒரு ஸ்டிக்கரை உரித்து, 'பத்திரமா வெச்சுக்கங்க' என்று கையில் கொடுத்திருக்கிறாள். எத்தனை பேர் அதை வீடுவரை கொண்டுவந்திருப்பார்கள்?

"கம்பியிலயா இருக்குது?" என்று கேட்டேன்.

"கம்பில இருக்கற சீட்டெல்லாம் பாவா போகிக்குப் போகி கொளுத்திடுவாரு. மூணாவது தறில இருக்குது."

நால்வரும் கொட்டகைக்குப் போனோம். வீரபத்திரன் எங்களைப் பார்த்ததும் மூன்றாவது தறியை நிறுத்தினார். பெண்கள் கூட்டமாக வந்தால் சுவிட்சை அணைப்பது அவர் வழக்கம். சேதம் குறையும் என்ற எண்ணம்.

தறிகள் நான்கும் பச்சைப் பசேலென்று இருந்தன. போன ஆயுத பூஜைக்கு அவர் தானே நின்று பெயிண்ட் அடித்திருந்தார். மோட்டார் நம்பர் தகடு முதல் சட்டத்தின் அடிக்கட்டைவரை ஓர் அங்குலம் விடவில்லை. ஒரு ஸ்டிக்கர் அதில் எந்த மூலைக்கு?

வள்ளிநாயகி நேராகப் போய், மோட்டார் தகட்டுக்குப் பக்கத்தில் குனிந்தாள். அந்தப் பச்சைக்கு நடுவில் உள்ளங்கையளவு ஓர் இடம் மட்டும் பெயிண்ட் படாமல் சந்தனமும் குங்குமமும் அடை அடையாகக் காய்ந்து கிடந்தது. தூரிகை அதைச் சுற்றி வளைந்து போயிருந்தது, பிரதட்சிணம் செய்தது போல.

"இதுக்கு அடியில," என்றாள். "மிஷின் நம்பர் இருக்கற எடத்துலதானே உதிரி பாகத்து நம்பரும் இருக்கணும். ஒட்டிட்டேன். அப்புறம் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அது மேல நானே சந்தனம் வெச்சேன். பாவா எத வேணும்னாலும் கொளுத்துவாரு, எதுக்கு வேணும்னாலும் பெயிண்ட் அடிப்பாரு. குங்குமத்து மேல கை வைக்க மாட்டாரு."

வீரபத்திரன் அந்த இடத்தையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். பை வைத்தது அவருக்குத் தெரியும். பதினோரு வருஷம் அவரும்தான் வாயைத் திறக்கவில்லை. ஸ்டிக்கர் விஷயம் மட்டும் தெரியாது.

"நானு தெனம் காத்தால சுவிட்ச் போடறதுக்கு முன்னாடி அதத் தொட்டுக் கும்பிட்டுகினு இருக்கேன்," என்றார் மெதுவாக.

"ஆங், தெரியும். நல்லதுதான். என் நம்பரத்தானே கும்பிட்டீங்க."

மோகனப்ரியா சிரிப்பை அடக்கத் தறிக்குப் பின்னால் போனாள்.

வெந்நீரும் பஞ்சும் வந்தன. பதினோரு ஆயுத பூஜையைக் கரைப்பது லேசு வேலை இல்லை. சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போகும். வள்ளிநாயகி பஞ்சை நனைத்து அந்த இடத்தில் வைத்துக் கையால் மூடிக்கொண்டாள், குழந்தை நெற்றிக்குப் பற்றுப் போடுவதுபோல. எடுப்பாள், சிவப்பாக வரும், வேறு பஞ்சு. பிறகு மஞ்சள். வாய் ஓயாத நாங்கள் மூவரும் அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வெள்ளைக் காகிதத்தின் ஓரம் தெரிந்தது. முதலில் கம்பெனிப் பெயரின் பின்பாதி. அப்புறம் அடியில் பொடிப் பொடியாக நம்பர். இரண்டாவது இலக்கம் மட்டும் மங்கல். வீரபத்திரன் தறியில் இழை அறுந்தால் பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து பிடித்தார். மூன்று இல்லை, எட்டு.

போட்டோ எடுத்து அனுப்பினாள். கால் மணி நேரத்தில் டாக்டரே கூப்பிட்டார். சொரசொரப்பு ஜாதிதான், திரும்பப் பெற்ற வகையேதான். அதனாலேயே நோய் என்று அர்த்தம் இல்லை, ஆனால் நாளைக்கே வர வேண்டும். நடுவில் யாரும் ஊசி போடக் கூடாது, ஒரு சொட்டு நீர் வீணாகக் கூடாது.

மறுநாள் கிருத்திகைக்கு முந்தின நாள், பரணி. எங்கள் ஸ்டேஷனில் ரயில் நின்றதும் காவடியும் மஞ்சள் துணியும் பம்பைச் சத்தமுமாக ஊரே இறங்கியது. காலியான பெட்டியில் நாங்கள் மூன்று பேர் ஏறினோம்: அவள், வீரபத்திரன், துணைக்கு நான். என்னை யாரும் கூப்பிடவில்லை என்று வரலட்சுமி இன்றைக்கும் சொல்கிறாள். வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லையே.

டாக்டர் அனிதாவுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டே ஊசியால் நீரை எடுத்தார். மூன்று குப்பிகள். வள்ளிநாயகி ஒவ்வொன்றையும் வாங்கி, தன் பெயர் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இத எதுக்கு சொரசொரப்பாப் பண்ணாங்க டாக்டர்?"

"உள்ள நகராம ஒரே இடத்துல இருக்கணும்னுதாங்க."

"கஞ்சி போடாத நூலு மாதிரி. நல்லாப் புடிக்கும். ஆனா தூசியும் சேர்த்துப் புடிக்கும்."

டாக்டர் குப்பியை மூடிவிட்டு நிமிர்ந்தார். "ஏறக்குறைய அப்படித்தாங்க. சரியா எதனாலன்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியல. பழைய ஆஸ்பத்திரியில இதப்பத்தி உங்களுக்கு ஏதாவது லெட்டர் வந்துச்சா?"

"எங்கிருந்துங்க வரும். அவங்க கல்யாணத்துக்குப் பத்திரிகைதான் அனுப்புவாங்க."

ரிப்போர்ட் வர ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். திரும்பும்போது ரயிலில் காவடிக் கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு நின்றிருந்தோம். மணவூர் ஸ்டேஷன் வந்தது. வள்ளிநாயகி திடீரென்று, "இறங்குங்க," என்றாள்.

"இங்க யாருடி?"

"பூவம்மாள்னு ஒருத்தி. வார்டுல பக்கத்துக் கட்டில். அவளுக்கும் அதே வாரத்துலதான் பை வெச்சாங்க."

தன் தலைக்கு மேலே கத்தி தொங்கும்போது அடுத்தவள் தலையைப் பார்க்கப் போகிறாள். நானாக இருந்தால் ஒன்பது நாளும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். தெரு பெயர் அவளுக்குத் தெரியாது, புருஷன் கரும்பு லோடு ஏற்றுகிறவன் என்று மட்டும் ஞாபகம். இந்த இடத்தில் என்னால் உபயோகம் இருந்தது. ஸ்டேஷன் பக்கம் பூ விற்கிறவளிடம் ஐந்து நிமிஷம் பேசினேன். பூவம்மாள் வீடு, அவள் மாமியார் குணம், இரண்டாவது மகனின் காதல் எல்லாம் கிடைத்தது.

பூவம்மாள் வயலிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். வள்ளிநாயகியை அடையாளம் தெரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. வார்டில் இருவருக்கும் முடி இல்லை.

"எனக்கு ஒண்ணும் வீங்கலியே," என்றாள் எல்லாம் கேட்டுவிட்டு, பயந்துபோய். "எடுத்துடணுமா?"

"வேணாம். நானே டாக்டரக் கேட்டேன். வீக்கம், வலி, கட்டி எதுவும் இல்லன்னா சும்மா எடுக்க வேணாமாம், ரொம்பப் பேருக்கு இது வர்றதே இல்லியாம். ஒரு தடவ வந்து காட்டிட்டுப் போகட்டும்னாங்க. ஆனா என்னிக்காச்சும் திடீர்னு வீங்குச்சுன்னா, கிளினிக்ல நீர எடுத்துத் தொட்டில ஊத்த உடாதே. குப்பில வாங்கி, டெஸ்டுக்கு அனுப்புன்னு சொல்லு. அந்த ஸ்டிக்கர் இருக்குதா?"

"எந்த ஸ்டிக்கரு?"

வள்ளிநாயகி என்னைத் திரும்பிப் பார்த்தாள். தன் ஸ்டிக்கர் போட்டோவை பூவம்மாள் மகன் போனுக்கு அனுப்பி, "ஒரே வாரம், ஒரே டாக்டரு. உன்னுதும் இதுவாத்தான் இருக்கும். டாக்டர்கிட்ட இதக் காட்டு," என்றாள்.

ஒன்பது நாளும் நான்கு தறியும் ஓடின. ஒன்பதாம் நாள் போன் வந்தபோது அவள் கொட்டகையில் இருந்தாள். சுவிட்சை அணைத்துவிட்டுக் கேட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரமாக அதே துணியை.

"ஆங்," என்றாள். "ஆங். சரிங்க." பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, "அக்கா, அதேதானாம். உறையத் தாண்டலியாம். நீங்க கத்திக் கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன்."

வீரபத்திரன் தறிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குக் கரண்ட் இருந்தும் பேசினார். என்ன பேசினார் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கும் சில ரகசியங்களைக் காக்கத் தெரியும்.

ஆவணியில் ஆபரேஷன். பையையும் அதைச் சுற்றி நெய்திருந்த உறையையும் பிரிக்காமல் ஒரே கட்டாக எடுத்தார்கள். ஓரமெல்லாம் சுத்தம், வேறு மருந்து தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார் டாக்டர். முதல் தடவை ஊற்றிவிட்டதைப் போல இரண்டாவது தடவையும் ஊற்றியிருந்தால் கதை வேறு என்றும் சொன்னாராம். புதுப் பை, வழவழப்பு ஜாதி, வைக்கலாமா என்று கேட்டதற்கு வள்ளிநாயகி, "போதுங்க, விஜிக்குக் கல்யாணம் ஆயிடுச்சு," என்றாளாம்.

வீடு திரும்பியதும் மறுபடி பூண்டுக் குழம்போடு போனோம். இந்த முறை குழம்புக்கு முழு உரிமை இருந்தது. அவள் ஜாக்கெட் இரண்டு பக்கமும் ஒரே சீராக இருந்தது. எனக்குக் கண் அங்கேயே போயிற்று. எவ்வளவு அடக்கினாலும் போயிற்று.

"கேளுங்கக்கா. தொண்டையில மாட்டிக்கப் போவுது."

"இல்ல, டாக்டர் திரும்பவும் பை வைக்கலேன்னு சொன்னியே."

"டாக்டர் வைக்கல. மோகனப்ரியா வெச்சா." மோகனப்ரியா பெருமையாக நிமிர்ந்தாள். "ஜாக்கெட்டுக்குள்ள ஒரு பாக்கெட் தெச்சிருக்கா. லுங்கித் துணில ஒரு பை, உள்ள பஞ்சு, பாரத்துக்குக் கொஞ்சம் கடுகு. குளிக்கும்போது கழட்டி ஆணில மாட்டிடுவேன்."

அளவெடுத்தவள் மோகனப்ரியா. ஆபரேஷனுக்குக் கிளம்பும் முன்பே அளவெடுத்திருக்கிறாள், என்னிடம் அவள் மூச்சுவிடவில்லை. எங்கள் தெரு கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"இது ஒண்ணும் பண்ணாதாடி?" என்று கேட்டாள் வரலட்சுமி, நிஜமான கவலையோடு.

"கெட்டுப்போனா தாளிச்சுடலாம்," என்றாள் வள்ளிநாயகி, குழம்புப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே.

நான் வெளியே வரும்போது கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். மூன்றாவது தறியில், அந்த வெள்ளை ஸ்டிக்கர் மேல் யாரோ புதிதாகச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் இட்டிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. வீரபத்திரன் முதுகைக் காட்டிக்கொண்டு, ரொம்ப மும்முரமாக, அறுந்திராத ஓர் இழையைத் தேடிக்கொண்டிருந்தார்.